ஆடாத ஆட்டத்துக்கு மதிப்பெண்

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் டிவியில் அறிவிக்கப்பட்ட ஒரு முடிவு எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க ஆட்டம்) தேசிய சாம்பியன் பட்டத்துக்கு மோதப்போகும் நான்கு அணிகளை 13 பேர் கொண்ட தேர்வுக் குழு அறிவித்தது. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. முதல் இரண்டும் தோல்வியே காணாதவை. அடுத்த இரண்டும் ஆளுக்கொரு ஆட்டத்தில் தோற்றவை. ஐந்தாம் இடத்தில் நின்றது ஃப்ளோரிடா ஸ்டேட். 13 ஆட்டம் ஆடி 13-உம் ஜெயித்த அணி. தன் கான்ஃபரன்ஸின், அதாவது சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் லீகின், சாம்பியன் வேறு. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றில் தோற்காமல் பட்டம் வென்ற அணி பிளேஆஃப் என்ற இந்த நான்கு அணி மோதலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது அதுவே முதல்முறை.

என் மகள் அப்போது டாலஹாசியில், அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பு வந்த கையோடு ஃபோன் செய்தாள். “அப்பா, எல்லாத்துலயும் ஜெயிச்சும் இல்லேன்னா, அப்புறம் எதுக்குத்தான் ஆடணும்?” நாங்கள் இருப்பது அட்லாண்டாவை ஒட்டிய புறநகர். பக்கத்து வீட்டுக்காரர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், அவர் வீட்டிலும் அன்று இழவு விழுந்த மாதிரிதான் இருந்தது. முந்தைய இரண்டு ஆண்டும் சாம்பியன், தொடர்ந்து 29 வெற்றி, ஒன்றாம் இடம் என்றிருந்த ஜார்ஜியா, சனிக்கிழமை அட்லாண்டாவில் நடந்த கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் அலபாமாவிடம் 27-24 என்று தோற்று, ஒரே ராத்திரியில் ஆறாம் இடத்துக்குப் போயிருந்தது. “சிறந்த நான்கு அணிகள் என்று சொல்லிவிட்டு எங்களை விட்டால் என்ன அர்த்தம்? ஃப்ளோரிடா ஸ்டேட்டோடு நாங்கள் நாளைக்கே ஆடினால் யார் ஜெயிப்பார்கள் என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள்” என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இரண்டும் ஒரே நியாயம் இல்லை. மகள் கேட்டது, இதுவரை ஆடியதில் யார் அதிகம் சம்பாதித்திருக்கிறார்கள் என்ற கணக்கை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது, இனி ஆடினால் யார் ஜெயிப்பார்கள் என்ற கணிப்பை. கணக்குதான் விதி என்றால் ஃப்ளோரிடா ஸ்டேட் உள்ளே இருக்க வேண்டும். கணிப்புதான் விதி என்றால் ஜார்ஜியா உள்ளே இருக்க வேண்டும். இரண்டில் எதை எடுத்தாலும் யாரோ ஒருவருக்காவது பதில் கிடைத்திருக்கும். குழு இரண்டு பேரையும் வெளியே வைத்தது. அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சண்டைக்காகவே பிறந்த பட்டியல்

இதன் வேர் எளிய கணக்கில் இருக்கிறது. மேல்தட்டில் அந்த ஆண்டு 133 அணிகள். ஒவ்வொன்றும் சீசனில் ஆடுவது 12 ஆட்டம், கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போனால் இன்னொன்று. உடம்பை உடைக்கிற விளையாட்டு, வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் தாங்காது. ஐபிஎல்லில் பத்து அணிகளும் ஒன்றோடொன்று மோதிவிடுகின்றன, புள்ளிப்பட்டியல் தானாக வந்துவிடுகிறது. இங்கே பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. சியாட்டிலில் ஜெயித்தவனையும் டாலஹாசியில் ஜெயித்தவனையும் யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ கூடைப்பந்தில் 68 அணிகளை இறக்கி நாக்அவுட் நடத்துகிறது. ஃபுட்பாலிலேயே இரண்டாம் தட்டு அணிகளுக்கு 1978 முதல் நாக்அவுட் உண்டு. மேல்தட்டு ஃபுட்பாலுக்கு மட்டும் அது பட்டம் கொடுப்பதே இல்லை. அங்கே சீசன் முடிந்ததும் புத்தாண்டை ஒட்டி நடக்கும், பவுல் என்று பெயர் வைத்த தனி ஆட்டங்களும் அவற்றை நம்பியிருக்கும் ஊர்களும் கான்ஃபரன்ஸ்களும் வைத்ததுதான் சட்டம்.

அதனால் பட்டத்தை யார் வேண்டுமானாலும் கொடுத்தார்கள். 1920-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் ஃப்ராங்க் டிக்கின்சன் ஒரு கணக்குமுறை கண்டுபிடித்து, 1926-இல் சாம்பியனை அறிவித்தார். நோட்டர் டேமின் கோச் நூட் ராக்னி அவரிடம் போய், இதையே 1924-க்கும் போட்டுப் பாருங்களேன் என்று கேட்டதாகச் சொல்வார்கள். போட்டுப் பார்த்தார், 1924-இன் சாம்பியன் நோட்டர் டேம் என்று வந்தது. விடை தெரிந்த பிறகு கேள்வித்தாள் தயாரிக்கிற வழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இன்னும் பிடித்த கதை ஏபி செய்தி நிறுவனத்தின் விளையாட்டு ஆசிரியராக இருந்த ஆலன் கௌல்டுடையது. 1935-இல் அவர் மினசோட்டா, பிரின்ஸ்டன், சதர்ன் மெதடிஸ்ட் ஆகிய மூன்றும் சமம் என்று எழுதப்போக, மினசோட்டாக்காரர்கள் அவருடைய உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் பல பத்திரிகைக்காரர்களை ஓட்டுப் போடச் சொல்லி வாராவாரம் பட்டியல் வெளியிட ஆரம்பித்தார். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24 என்று இறங்கும் ஏபி பட்டியல் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவில் ஆர்வத்தையும் சர்ச்சையையும் கிளப்பத்தான் அதைத் தொடங்கினேன் என்று கௌல்டே பிற்பாடு ஒளிக்காமல் சொன்னார். நேர்மையான மனிதர். அந்த நோக்கத்தை எடுத்துக்கொண்டால் விளையாட்டு உலகில் இத்தனை வெற்றிகரமான கண்டுபிடிப்பு வேறு இருக்காது.

பட்டம் பேப்பரில் கொடுக்கப்படுவதால் கூத்துகளும் உண்டு. ஏபி பல ஆண்டுகள் பவுல் ஆட்டங்களுக்கு முன்பே கடைசி ஓட்டெடுப்பை முடித்துவிடும். 1964-இல் அலபாமாவுக்கு அப்படிப் பட்டத்தைக் கொடுத்தாயிற்று, அப்புறம் புத்தாண்டன்று ஆரஞ்சு பவுலில் அலபாமா டெக்சஸிடம் 21-17 என்று தோற்றது. பட்டம் பட்டம்தான். அதே அலபாமா 1941-க்கும் ஒரு தேசியப் பட்டம் கொண்டாடுகிறது. அந்த ஆண்டு இரண்டு ஆட்டம் தோற்று, ஏபி பட்டியலில் அது இருந்த இடம் 20.

கணினி கைக்குப் போனபோது

1990, 1991, 1997 ஆகிய ஆண்டுகளில் பத்திரிகைக்காரர்களின் பட்டியலும் கோச்சுகளின் பட்டியலும் வெவ்வேறு சாம்பியன்களைச் சொல்ல, 1998-இல் பிசிஎஸ் என்ற ஏற்பாடு வந்தது. ஓட்டுகளையும் கணினித் தரவரிசைகளையும் கலந்து ஒரு எண் எடுப்பது, மேலே வரும் இரண்டு அணிகளை மோதவிடுவது. 2003-இல் அந்த எண், ஓட்டுப் பட்டியல்கள் இரண்டிலும் ஒன்றாம் இடத்தில் இருந்த சதர்ன் கலிஃபோர்னியாவை வெளியே தள்ளியது. தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் 35-7 என்று செம்மையாக உதை வாங்கிய ஓக்லஹோமா இறுதியாட்டத்துக்குப் போய் எல்எஸ்யுவிடம் (லூசியானா ஸ்டேட்) தோற்றது. ஏபி வாக்காளர்கள் பிடிவாதமாக சதர்ன் கலிஃபோர்னியாவுக்கே பட்டம் கொடுத்தார்கள். எதைத் தவிர்க்க இந்த ஏற்பாடு வந்ததோ அதுவே நடந்தது.

அடுத்த ஆண்டு நடந்தது அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் யாருமே தப்புச் செய்யவில்லை. 2004 சீசன் தொடங்கும் முன் ஏபி பட்டியலில் சதர்ன் கலிஃபோர்னியா 1, ஓக்லஹோமா 2, ஆபர்ன் 17. மூன்றுமே கடைசிவரை தோற்கவில்லை. வாக்காளர்களின் பழக்கம் எப்படியென்றால், தோற்காதவனை இறக்க மாட்டார்கள். ஆகவே ஆபர்ன் பதினேழிலிருந்து ஏறி ஏறி மூன்றாம் இடத்துக்கு வந்தது, அதற்கு மேல் ஏற வழி இல்லை. ஆகஸ்டில், ஒரு பந்தைக்கூட யாரும் தொடாதபோது, ஊகத்தில் போட்ட இடம்தான் டிசம்பரில் முடிவானது. இறுதியாட்டத்தில் ஓக்லஹோமா 55-19 என்று நொறுங்கியதைப் பார்த்து ஆபர்ன்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஏபி தன் பட்டியலை இனிமேல் இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று விலகிக்கொண்டது.

அந்தக் கணினித் தரவரிசைகளில் வெஸ் காலி என்ற வானியற்பியலாளரின் முறை மட்டும் முழுக்கத் திறந்த புத்தகம். மற்றவர்கள் சூத்திரத்தைப் பூட்டி வைத்தார்கள். காலியின் முறையில் எல்லா அணியும் 0.5-இல் தொடங்கும். பழைய பெருமை, போன வருஷத்துப் பட்டம், டிவியில் யார் முகம் அதிகம் வருகிறது, எதுவும் கிடையாது. வெற்றிகளோடு ஒன்றைக் கூட்டி, ஆட்டங்களோடு இரண்டைக் கூட்டி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் முதல் மதிப்பு. அதை எதிராளிகளின் மதிப்பை வைத்துத் திருத்த வேண்டும், எதிராளிகளின் மதிப்பை அவர்களுடைய எதிராளிகளை வைத்து. பத்தாம் வகுப்பில் போட்ட ஒருங்கமை சமன்பாடுகள்தான், இரண்டுக்குப் பதில் நூற்றுச் சொச்சம். ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து அதை நானே நிரலாக எழுதி ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது. திறந்து வைத்ததால் ஒரு நன்மையும் நடந்தது: 2010-இல் அவருடைய தரவில் ஒரே ஒரு ஆட்டம் விட்டுப்போனதை வெளியாள் ஒருவர் கண்டுபிடித்தார். அதைச் சேர்த்ததும் எல்எஸ்யுவும் பாய்சி ஸ்டேட்டும் இடம் மாறின. பூட்டிய சூத்திரங்களில் என்னென்ன விட்டுப்போயிற்றோ.

இந்த முறையில் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாய் என்பதற்கு மதிப்பே இல்லை. ஜெயித்தாயா, யாரை, அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தைக் கணிக்க அது கெட்டிக்கார முறை இல்லை. கணிக்க வேண்டுமென்றால் வித்தியாசம் முக்கியம், காயம் முக்கியம், வானிலைகூட முக்கியம். லாஸ் வேகஸின் பந்தயக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். ஆனால் 2017-இல் 12-0 என்று நின்ற சென்ட்ரல் ஃப்ளோரிடாவைத் தேர்வுக் குழு 12-ஆம் இடத்தில் வைத்தபோது, பவுல் ஆட்டத்தில் அது ஆபர்னையும் வென்ற பிறகு காலியின் சமன்பாடு அதை ஒன்றாம் இடத்தில் வைத்தது. பல்கலைக்கழகம் சாம்பியன் என்று பேனர் கட்டியது. சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு

2014-இல் வந்த பிளேஆஃப் ஏற்பாடு கணினியைத் தூக்கிப்போட்டுவிட்டு மனிதர்களிடம் திரும்பியது. விளையாட்டுத் துறை இயக்குநர்கள், முன்னாள் கோச்சுகள், முன்னாள் வீரர்கள் என்று 13 பேர், டாலஸுக்குப் பக்கத்தில் கிரேப்வைன் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கூடுவார்கள். தன் பல்கலைக்கழகம் பற்றிய பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். இவ்வளவு கவனமாகத்தான் செய்கிறார்கள்.

ஃப்ளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர், ஜோர்டன் ட்ராவிஸ் நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவோடு ஆடியபோது காலில் படுகாயம் அடைந்தார். சீசன் முடிந்தது. அடுத்த வாரம் மாற்று ஆட்டக்காரரை வைத்து, எதிரியின் மைதானத்தில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தை 24-15 என்று வென்றார்கள். அந்த மாற்று ஆட்டக்காரருக்கும் அடிபட்டதால், கான்ஃபரன்ஸ் இறுதிக்கு மூன்றாம் ஆளான முதலாண்டுப் பையனை இறக்கினார்கள். லூயிவில்லை 16-6 என்று வென்றார்கள். பார்க்க அழகான ஆட்டம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். தடுப்பாட்டம் மட்டுமே இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்த ஆட்டம். ஆனால் கரை சேர்ந்தது.

குழுத் தலைவர் பூ காரிகன் டிவியில் சொன்ன விளக்கத்தின் சாரம்: ட்ராவிஸ் இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட், முதல் 11 வாரங்களில் இருந்த அணி இல்லை. அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முக்கிய வீரர்கள் இல்லாமல் போனது சீசனில் அணியின் ஆட்டத்தைப் பாதித்திருந்தாலும், இனி வரும் ஆட்டத்தைப் பாதிக்கக்கூடும் என்றாலும் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று குழுவின் விதிகளிலேயே இருக்கிறது. எழுதப்பட்ட விதிப்படிதான் செய்தார்கள். சரி. அப்படியென்றால் அதே கணிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜார்ஜியாவையும் பார்த்திருக்க வேண்டும் இல்லையா? அங்கே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். ஜார்ஜியா அலபாமாவிடம் தோற்றது, ஆகவே அலபாமா மேலே. அலபாமாவை செப்டம்பரில் அதன் சொந்த ஊரிலேயே டெக்சஸ் 34-24 என்று வென்றிருந்தது, ஆகவே டெக்சஸ் அதற்கும் மேலே. இங்கெல்லாம் நடந்த ஆட்டம் பேசியது. ஃப்ளோரிடா ஸ்டேட் விஷயத்தில் மட்டும் நடக்காத ஆட்டம் பேசியது.

அன்று மாலை ட்ராவிஸ் சமூக வலைத்தளத்தில் எழுதியதைப் படித்தபோதுதான் இந்த முடிவின் கோணல் எனக்கு முழுதாகப் புரிந்தது. தன் கால் சீசனில் இன்னும் முன்னாலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்குமே என்று வருந்தியிருந்தார். யோசித்துப் பாருங்கள். செப்டம்பரில் அடிபட்டிருந்தால் மாற்று ஆள் பத்து ஆட்டம் ஜெயித்துக் காட்டியிருக்கலாம், குழுவும் நம்பியிருக்கலாம். நவம்பர் கடைசியில் அடிபட்டதால் இரண்டு வெற்றி போதவில்லை. ஒரு இருபத்துச் சொச்சம் வயதுப் பையனை, என் கால் சீக்கிரம் உடைந்திருக்கக் கூடாதா என்று சொல்ல வைக்கிற தேர்வு முறையில் ஏதோ அடிப்படையிலேயே பிசகு இருக்கிறது. காயத்துக்குப் பிறகு ஜெயித்த இரண்டு ஆட்டத்தையும் வெற்றியாக எண்ணாமல், நோயாளியின் பரிசோதனை அறிக்கையாக வாசித்தார்கள்.

ஆரஞ்சு பவுலில் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் ஜார்ஜியாவும் மோதின. 63-3. ஜார்ஜியா அடித்துத் துவைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து ஒன்றும் சொல்லாமல் சிரித்தார், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. குழு சரியாகத்தான் கணித்தது என்பதற்கு இன்றுவரை காட்டப்படும் சாட்சி அந்த ஸ்கோர்தான். நான் அதை ஏற்பதில்லை. பட்டம் கைவிட்டுப் போன பிறகு ஃப்ளோரிடா ஸ்டேட்டில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஆட்டத்துக்கு வரவே இல்லை. தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள், வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்கள், காயக்காரர்கள். டிசம்பர் 3 அன்று ஒதுக்கப்பட்ட அணியும் டிசம்பர் 30 அன்று மைதானத்தில் நின்ற அணியும் ஒன்றே இல்லை. குழு கொடுத்த தீர்ப்பின் விளைவையே அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக எப்படிக் காட்டுவது?

பணமும் பின்னால் நின்றது. அரையிறுதிக்கு ஒரு அணி போனால் அதன் கான்ஃபரன்ஸுக்கு 60 லட்சம் டாலர். ஃப்ளோரிடா மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணை தொடங்கினார், கவர்னர் வழக்குச் செலவுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கலாம் என்றார், டிசம்பர் முடிவதற்குள் ஃப்ளோரிடா ஸ்டேட் தன் சொந்த கான்ஃபரன்ஸ் மீதே வழக்குப் போட்டது. இதெல்லாம் தனிக் கதை, எனக்கு அதில் பெரிய ஆர்வமும் இல்லை.

12 இடம் வந்த பிறகு

அடுத்த சீசனிலேயே நான்கு 12 ஆனது. அது 2023-க்கு முன்பே முடிவானது. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் இத்தனை பேச்சுக்கு இடமே இருந்திருக்காது. 2024-இல் ஒஹாயோ ஸ்டேட் இரண்டு ஆட்டம் தோற்று, அதில் ஒன்று தன் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று, ஆறாம் இடத்தில் உள்ளே வந்தது. பழைய முறையில் வெளியேதான். அதுவே டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று வரிசையாக வென்று சாம்பியன் ஆனது. “பார்த்தாயா, சிறந்த அணி எது என்று ஆடவிட்டால்தான் தெரியும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆடவிடச் சொல்லித்தானே நானும் கேட்டேன்.

ஆனால் கண்ணாடியைப் போட்டுக் கழற்றும் பழக்கம் போகவில்லை. 2025-இல் மயாமி சீசனின் முதல் வாரத்திலேயே நோட்டர் டேமை 27-24 என்று வென்றிருந்தது. இருந்தும் நவம்பர் முழுக்கக் குழு நோட்டர் டேமையே மேலே வைத்தது. கடைசி வாரம் இரண்டு அணிகளும் ஆடவே இல்லை. ஞாயிறன்று பார்த்தால் மயாமி மேலே, நோட்டர் டேம் வெளியே. இடையில் நின்ற பிரிகாம் யங் தோற்று இறங்கியதால் இரண்டும் அடுத்தடுத்து வந்துவிட்டன, அப்போதுதான் நேரடி ஆட்டத்தை ஒப்பிட முடிந்தது என்பது விளக்கம். முடிவு சரி என்றே நினைக்கிறேன், மயாமி இறுதியாட்டம் வரை போய் இண்டியானாவிடம் ஆறு புள்ளியில்தான் தோற்றது. ஆனால் ஆகஸ்டில் முடிந்த ஆட்டம் டிசம்பர் முதல் வாரம் வரை எங்கே போயிருந்தது? நோட்டர் டேம் கோபத்தில் பவுல் ஆட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வாராவாரம் பட்டியல் போட்டு ஆசை காட்டாமல் இருந்திருந்தால் அந்தக் கோபத்தில் பாதி இருந்திருக்காது. ஆனால் செவ்வாய்க்கிழமைதோறும் பட்டியலை வெளியிடாமல் டிவிக்காரர்களுக்கு எப்படிப் பிழைப்பு ஓடும்? கௌல்டின் காலத்திலிருந்து அந்தப் பிழைப்பு ஒன்றுதான்.

என் கோரிக்கை சின்னது. விதியில் காயம் பற்றிய பகுதியில் நடந்ததை வைத்துக்கொள்ளட்டும், நடக்கப்போவதை எடுத்துவிடட்டும். எதிராளிகள் எவ்வளவு பலம் என்பதைப் பார்க்கட்டும், அது ஆடிய ஆட்டங்களிலிருந்து வருகிற கணக்கு. இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “2023-இல் லிபர்ட்டியும்தான் 13-0. அவர்களையும் உள்ளே விட்டிருப்பாயா?”

லிபர்ட்டி ஒரு சிறிய கான்ஃபரன்ஸின் சாம்பியன். குழு கொடுத்த இடம் 23. ஃபியஸ்டா பவுலில் ஓரிகனிடம் 45-6 என்று தோற்றார்கள். எதிராளிகள் பலவீனம் என்ற கணக்குப்படி அவர்களுக்கு நான்கில் இடம் இல்லை என்று சொன்னேன். அவர் விடவில்லை: பெரிய அணிகள் அவர்களோடு ஆட ஒத்துக்கொண்டால்தானே எதிராளி பலமாக இருப்பான், 13 ஆட்டத்துக்கு மேல் அந்தப் பையன்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்? மகளிடம் இதைச் சொன்னேன். “அவங்களையும் சேர்த்துக்கட்டும், என்ன இப்போ” என்றாள். அந்த ஆண்டுக்கு 2025-இன் விதியைப் பொருத்திப் பார்த்தேன். 12 இடம், அதில் தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு உறுதி. அன்று பெரிய கான்ஃபரன்ஸ்களே ஐந்து இருந்தன. லிபர்ட்டிக்கு அப்போதும் இடம் கிடைத்திருக்காது.